ஜோடி என்று அனுப்பினான், ரெண்டும் ஆண்

ஃபைட்டர் மீன் ஜோடி வாங்கி வீட்டிலேயே குஞ்சு எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் ஆன்லைனில் பணம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது பார்சலோடு சேர்த்து 1,750 ரூபாய். அதை விட ஒரு நல்ல மீனின் வால் போனதுதான் வயிற்றெரிச்சல்.

நான் இருப்பது கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை பக்கம். மீன் கடைக்குப் பொள்ளாச்சி போகணும், இல்லையென்றால் பாலக்காடு. நான் போன கடைகளில் எல்லாம் நீள வால் ஆண்கள்தான் டம்ளர் டம்ளராக இருக்கும், பெண் கேட்டால் "அதை யாருங்க வாங்குறாங்க" என்பார்கள். அப்போதுதான் ஒருத்தன் 'ப்ளாகட் கன்ஃபார்ம்டு பேர்' (ஆண்-பெண் உறுதியான ஜோடி) என்று போட்ட வீடியோ கண்ணில் பட்டது. ப்ளாகட் என்றால் தாய்லாந்து மொழியில் கடிக்கிற மீன். வால், துடுப்பு எல்லாம் குட்டை, அதனால் ஆண் எது பெண் எது என்று பழக்கம் இல்லாதவனுக்குச் சட்டென்று பிடிபடாது. ஏமாற்றுகிறவனுக்கு இதை விட வசதி என்ன வேண்டும்?

பஸ் பார்சலில் பொள்ளாச்சி வந்தது. தெர்மாகோல் பெட்டியை ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வீடு வந்து சேர்ந்தேன். கட் இல்லாமல் பெட்டி பிரிக்கும் வீடியோ இருந்தால்தான் லைவ் கியாரண்டி (மீன் உயிரோடு வந்து சேரும் என்ற உத்தரவாதம்) என்று சொல்லியிருந்ததால் மகள் செல்போனைப் பிடிக்க, நான் பிரித்தேன். சிவப்பில் ஒரு ஆண், கருநீலத்தில் ஒரு 'பெண்'. மகள் அப்போதே ராணி என்று பேர் வைத்துவிட்டாள்.

பத்து நாள் தனித்தனியாக வைத்துக் கொசுப்புழு போட்டேன். டப்பில் அஞ்சு இஞ்ச் தண்ணீர், காய்ந்த நாட்டுவாதாம் இலை ரெண்டு. தண்ணீர் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்துக்கு வந்துவிட்டது. பாதியாக வெட்டிய தெர்மாகோல் கப்பை மிதக்கவிட்டதும் சிவப்பன் அதன் அடியில் ரெண்டே நாளில் நுரைக்கூடு (முட்டையை வைக்க ஆண் மீன் கட்டும் குமிழிக் கூடு) கட்டிவிட்டான். ராணியை வெட்டிய பாட்டிலுக்குள் விட்டுக் காட்டினேன். தயாராக இருக்கும் பெண்ணுக்கு வயிறு உப்பும், உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடு விழும், ஆணைக் கண்டால் தலையைத் தாழ்த்திப் பணியும். இது பணியவே இல்லை, செவுளை விரித்துக்கொண்டு நின்றது. விற்றவனைக் கேட்டால் "ஃபர்ஸ்ட் டைம் அப்படித்தாண்ணா இருக்கும், விட்டுருங்க, செட் ஆயிடும்" என்றான். விட்டேன். அது என் முட்டாள்தனம்.

ஆண் பெண்ணைத் துரத்துவதும் கடிப்பதும் வழக்கம் என்பதால் முதல் சில நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செவுளை முழுசாக விரித்தன. ராணிக்குச் செவுளுக்கு அடியில் கறுப்பாகத் தாடி தொங்குகிறது! அடுத்த நொடி வாயோடு வாய் கவ்விக்கொண்டு அடியில் போய் விழுந்தன, மூச்சு வாங்க மேலே வந்தன, மறுபடி கவ்விக்கொண்டன. வலை போட்டுப் பிரிப்பதற்குள் சிவப்பன் வால் பழைய தோரணம் மாதிரி கிழிந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சேட்டன் எட்டிப் பார்த்துவிட்டு "ரண்டும் ஆணாணல்லோ" என்று சிரித்தார்.

அப்புறம்தான் ஒழுங்காகப் பார்த்தேன். பெண்ணுக்கு வயிற்றுத் துடுப்புக்குப் பின்னால் உப்புக்கல் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், முட்டை வருகிற குழாய் அது. ராணிக்கு இல்லை. (சில இளம் ஆண்களுக்கும் அப்படித் தெரிவதுண்டு, அதை மட்டும் நம்பாதீர்கள்.) வெளிர் நிற மீனாக இருந்தால் டார்ச் அடித்துப் பார்க்கலாம், முட்டைப்பை மஞ்சளாக முக்கோணமாகத் தெரியும். கருநீலத்தில் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை ஜாடியில் ராணி தன் பங்குக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நுரைக்கூடு கட்டி வைத்திருந்தது.

விற்றவனிடம் எல்லா வீடியோவையும் அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? "உயிரோட வந்துச்சுல்லண்ணா? கியாரண்டி அதுக்குத்தான்." பாதி விலைக்கு இன்னொரு பெண் தருகிறானாம், பார்சல் செலவு என்னுடையதாம். முடியாது என்றதும் பிளாக் செய்துவிட்டான். பழைய சாட் மெசேஜ்களைப் புரட்டினால், பெண்ணின் வீடியோ கேட்டதற்குக் கவரில் மேலிருந்து எடுத்த ஒரே ஒரு போட்டோதான் அனுப்பியிருக்கிறான். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது பக்கவாட்டில் எடுத்த வீடியோ, அதுவும் கண்ணாடி காட்டிச் செவுளை விரிக்க வைத்து. தாடி தொங்கினால் வேண்டாம். பெண் இல்லையென்றால் பணம் திரும்பத் தருவேன் என்று சாட்டில் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் போடுங்கள். மீனின் வயதையும் கேளுங்கள்.

1915க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். சிவப்பனுக்கு வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதுசு வளர்கிறது. ராணி சமையலறை அலமாரியில் தனி ஜாடியில் இருக்கிறது, பேரை மாற்றலாமா என்றால் மகள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.