நுரையீரல் புற்றுநோய்: தனிச் சோதனையா, என்ஜிஎஸ்ஸா, ரத்தமா?

நுரையீரலில் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்றுநோய்) என்று பயாப்சி அறிக்கை வந்ததும் "கீமோ எப்போது?" என்றுதான் வீட்டார் கேட்கிறார்கள். நோய் பரவியிருந்தால், எந்த மரபணு மாற்றம் என்பதை அதற்கு முன்பே கேட்டாக வேண்டும். ஜெஃபிடினிப் மாத்திரையைக் கீமோவோடு ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் புகைப்பழக்கம் இல்லாத கிழக்காசியர்கள்; வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி நோயாளிகள். ஆனால் செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருந்தவர்களுக்கு ஜெஃபிடினிப் மாத்திரை கீமோவைவிட அதிக காலம் நோயை அடக்கியது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ கீமோவே மேலாக இருந்தது. ஆளைப் பார்த்து ஊகித்து மருந்து கொடுப்பது ஆபத்து.

மாற்றத்தைக் கண்டறிய மூன்று வழிகள்: ஒவ்வொரு மரபணுவுக்கும் தனிச் சோதனை, பலவற்றை ஒன்றாகப் படிக்கும் என்ஜிஎஸ், ரத்தப் பரிசோதனை. பல இடங்களில் முதலில் செய்வது தனித்தனிச் சோதனைதான். ஈஜிஎஃப்ஆருக்குப் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் முறை), ஏஎல்கே என்ற மரபணுவுக்குச் சாயச் சோதனை. சில நாள்களில் முடிவு வரும், செலவும் குறைவு. சிக்கல் சதையில்தான். ஊசி பயாப்சியில் கிடைப்பது நூலளவு துணுக்கு. அதைப் பாரஃபின் கட்டியில் பதித்து, நான்கைந்து மைக்ரான் தடிமனில் சீவுவார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் கட்டியை மறுபடி எடுத்து மேற்பரப்பைச் சமன் செய்யும்போதே சில சீவல்கள் வீணாகும். ஆர்ஓஎஸ்1 (இன்னொரு மரபணு), பிடி-எல்1 (நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து பலிக்குமா என்று காட்டும் புரதம்) என்று வரும்போது பாரஃபின் கட்டியில் சதை காலி. இளைத்துப்போன நோயாளிக்கு மறுபடி ஊசி.

என்ஜிஎஸ் அந்தச் சதையை ஒரே முறையில் பயன்படுத்திப் பல மரபணுக்களைப் படித்துவிடுகிறது. சாதாரண பிசிஆர் தவறவிடக்கூடிய சில எக்ஸான் 20 மாற்றங்களும் (ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் ஒரு பகுதியில் வருபவை), ஆர்இடி, எம்இடி என்ற மரபணுக்களின் மாற்றங்களும் இதில் தெரியும். இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும் இணைவுகளைக் கண்டுபிடிக்க, டிஎன்ஏவின் நகலான ஆர்என்ஏவையும் சேர்த்துப் படிப்பது நல்லது. இரண்டு மூன்று வாரம் ஆகலாம், செலவு அதிகம். எலும்பிலிருந்து சதை எடுத்தால் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சுண்ணாம்பு நீக்கப் பயன்படும் கடும் அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும்.

புற்றுக்கட்டி ரத்தத்தில் விடும் டிஎன்ஏவில் ஈஜிஎஃப்ஆர் மாற்றத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனைக்கு 2016-இல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. நுரையீரலில் ஊசி வேண்டாம், முடிவும் பெரும்பாலும் சீக்கிரம் வரும். ஈஜிஎஃப்ஆர் போன்ற மாற்றம் தெளிவாகத் தெரிந்தால் மாத்திரை தொடங்கலாம். தெரியாவிட்டால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. புற்றுக்கட்டி போதிய டிஎன்ஏவை ரத்தத்தில் விடாமல் இருந்திருக்கலாம். மாத்திரைக்கு அடங்காமல் நோய் சிறுசெல் வகையாக (வேறொரு நுரையீரல் புற்றுநோய் வகை) மாறுவதும் உண்டு. அதை உறுதிசெய்யச் சதைதான் வேண்டும்.

என் தேர்வு: சதை போதுமென்றால் நேராக என்ஜிஎஸ். மூச்சுத்திணறலோடு இருப்பவருக்கு அன்றே ரத்தமும் அனுப்ப வேண்டும். பணம் இடம் கொடுக்காதபோது ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 மூன்றுக்காவது வேண்டிய சீவல்களை ஒரே தடவையில் எடுக்கும்படி திட்டமிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

முடிவு வரும்வரை காத்திருக்க முடியாத நிலையில் கீமோவை மட்டும் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவசரப்பட்டு இம்யூனோதெரபியையும் (நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து) சேர்த்துவிட்டு, பிறகு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் தெரிந்து அதற்கான ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்தால், நுரையீரலில் கடும் அழற்சி வரும் வாய்ப்பு கூடுகிறது.