கிராஸ் ஸ்டிட்ச் கிட்: துணி தேறும், நூலை மாற்றுங்கள்

இணையக் கடைகளில் ‘தொடக்கநிலை கிட்’ என்று விற்கும் கிராஸ் ஸ்டிட்ச் (கட்டத்துக்கு ஒரு பெருக்கல்குறியாகத் தைக்கும் தையல்) உறையைப் பிரித்தால் பெரும்பாலும் இவைதான் இருக்கும்: கட்டம் கட்டமாகத் துளையுள்ள ஐடா துணி, அதை இறுக்கிப் பிடிக்கும் மூங்கில் வளையம், ஓரிரு ஊசி, அட்டைத் துளைகளில் மாட்டிய நூல், கட்டம் போட்ட படம். ரோஜாக்கொத்தும் அன்னப்பறவையும் போய், கள்ளிச்செடி, தூங்கும் பூனை, கோப்பிக் குவளை, குறும்பாக ஒரு வரி என்று படங்கள் மாறிவிட்டன. பார்த்தாலே தைக்க ஆசை வரும். ஆனால் பெயரில்லாத மலிவு கிட்டில் துணியும் வளையமும் தேறும், படம் சுமார், நூல்தான் காலை வாரிவிடும்.

பெரிய குறை சாயம். சிவப்பு, கருநீலம், கருப்பு மூன்றையும் தைக்கும் முன்பே சோதித்துவிடலாம். நனைத்த வெள்ளை டிஷ்யூவில் நூலை வைத்து அரை நிமிடம் அழுத்துங்கள். டிஷ்யூவில் நிறம் ஏறினால் அந்த நூல் வேண்டாம். சோதிக்காமல் தைத்து, கழுவும்போது வெள்ளைத் துணி இளஞ்சிவப்பாகிவிட்டால் அதைக் காயவிடாதீர்கள். குளிர்ந்த தண்ணீரை மாற்றி மாற்றி, தெளியும்வரை அலசினால் பெரும்பாலும் போய்விடும். காய்ந்துவிட்டால் கஷ்டம். சாயம் தப்பினாலும் மலிவு நூல் துணிக்குள் போய் வரப் பிசிறு விட்டுப் பஞ்சாகிவிடும். அட்டையில் நிற எண்ணும் இருக்காது, வெறும் குறியீடுதான். பாதியில் பச்சை தீர்ந்தால் அதே பச்சையை எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது.

டிஎம்சி நூலுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1746-ல் முலூஸ் நகரில் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம். சுமார் 500 நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 310 என்றால் எங்கு வாங்கினாலும் கருப்பு, 321 சிவப்பு, பி5200 பளீர் வெள்ளை. ஒரு கண்டு 8 மீட்டர் நீளம், ஆறு இழை. 14 கவுண்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்) ஐடாவில் இரண்டு இழையால் தைத்தால் ஒரு கண்டு 1,600 முதல் 1,800 தையல் வரை வரும். சென்னையிலிருந்து வருபவர்களிடம் ஆங்கர் என்ற இன்னொரு நிறுவனத்தின் நூலை வாங்கிவரச் சொல்வதும் நல்ல யோசனைதான், ஆனால் அதன் எண்வரிசை வேறு. டிஎம்சி 310-க்கு ஆங்கரில் 403. ஒரே படத்தில் இரண்டையும் கலக்காமலிருப்பது மேல். பக்கத்தில் பக்கத்தில் வரும்போது சிவப்புகள் ஒத்துப்போகாது.

துணியிலேயே படம் அச்சிட்டு வரும் கிட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்துக் கட்டங்களை எண்ண வேண்டியதில்லை என்பதால் புதியவர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள். பெரும்பாலும் 11 கவுண்ட், மூன்று இழை. அச்சு துளைகளோடு பொருந்தி இருந்தால் வேலை சுகம். அரைக்கட்டம் தள்ளி அச்சாகியிருந்தால் ஒவ்வொரு தையலிலும் எந்தத் துளை என்ற குழப்பம்தான். மையை நீக்கத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே இஸ்திரிப்பெட்டியைத் தொடுங்கள். முதலில் சூடு பட்டால் மை துணியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் போகாது. எண்ணித் தைக்கும் வகையையே எடுங்கள் என்பது எங்கள் கருத்து. எண்ணுவது அரைமணி நேரத்தில் பழகிவிடும்.

எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்குவது இங்கே சிங்கப்பூரில் சுலபம். பிளாசா சிங்கப்பூராவில் இருக்கும் ஸ்பாட்லைட்டிலும், சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டரின் நூல், கைவினைக் கடைகளிலும் நிறத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்குபவர்கள் பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2023 முதல் அது உண்டு, இப்போது 9 விழுக்காடு. முதல் வேலைக்கு வேண்டியது கொஞ்சம்தான்: 14 கவுண்ட் வெள்ளை ஐடா 25 சென்டிமீட்டர் சதுரம், 6 அங்குல வளையம், முனை மழுங்கிய 24-ம் எண் ஊசி, நான்கைந்து கண்டு நூல், கூரான சின்னக் கத்தரிக்கோல். கருப்பு ஐடாவில் தொடங்காதீர்கள், துளையே தெரியாது.

கணக்கு எளிது. கட்டங்களின் எண்ணிக்கையை 14-ஆல் வகுத்தால் அங்குலம் வரும். 70 கட்டப் படம் 5 அங்குலம். துணியை மடித்து நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து அங்கிருந்து தைத்தால் படம் ஓரத்தில் இடிக்காது. நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்ட வேண்டாம். ஆறு இழையிலிருந்து இரண்டைச் சேர்த்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். ஒவ்வோர் இழையாக மேல்நோக்கி உருவி, பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிச்சுப் போடாதீர்கள். சட்டம் போடும்போது ஒவ்வொரு முடிச்சும் முன்பக்கம் துருத்தும். அதற்குப் பதில் ஓர் இழையை இரட்டை நீளத்தில் வெட்டி, பாதியாக மடித்து, இரு முனைகளையும் ஊசிக்காதில் கோத்துவிடுங்கள். முதல் அரைத்தையல், அதாவது பெருக்கல்குறியின் ஒரு கோடு, போட்டுப் பின்பக்கம் வரும்போது மடிப்பு ஒரு வளையமாக நிற்கும். ஊசியை அதற்குள் விட்டு இழுத்தால் நூல் பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது பின்பக்கத்தில் நான்கைந்து தையலுக்கு அடியில் நூலை ஓட்டி வெட்டினால் போதும்.

தையல்களின் மேல்கோடு எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சம் வேறாக விழுந்து, அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும்.

இனி, பரிசுக்கு. தமிழ் எழுத்தோடு வரும் கிட்டைத் தேடி அலைவதைவிட நீங்களே கட்டத்தாளில் வரைந்துகொள்ளலாம். சமையலறையில் மாட்ட “சாப்டாச்சா?” என்று ஒரு வரி எடுத்துக்கொள்வோம். ‘ச’வுக்கு அகலம் 7 கட்டம், ‘ப’, ‘ட’, கால் ஒவ்வொன்றுக்கும் 5, கேள்விக்குறிக்கு 4, இடைவெளிக்கு ஒவ்வொரு கட்டம். கூட்டினால் 58 கட்டம், அதாவது 10 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 4 அங்குல வளையத்தில் அடங்காது, 6 அங்குலத்தில் தாராளமாக நிற்கும், ஓரத்தில் ஒரு மிளகாயோ கோப்பிக் குவளையோ வைக்கவும் இடமிருக்கும். எழுத்து உயரம் 7 முதல் 9 கட்டம். மேலே ‘கி’யில் வரும் விசிறிக்கும் புள்ளிக்கும், கீழே உகரக் கொம்புக்கும் நான்கு கட்டம் விட்டுவிடுங்கள். விடாதவர்கள் ‘கு’ வந்ததும் விழிப்பார்கள். ‘ண’வும் ‘ஞ’வும் 11 கட்டம் கேட்கும், அவற்றை நெருக்கினால் படிக்க முடியாது. இந்த வரிக்கு மொத்தம் ஏறக்குறைய 220 தையல். ஒரே கண்டில் ஐந்தாறு வீட்டுக்குத் தைத்துக் கொடுக்கலாம்.

மெய்யெழுத்துப் புள்ளிக்கு ஒற்றைத் தையலே போதும். உருண்டையாக வேண்டுமென்றால் ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் பிரெஞ்சு நாட் முடிச்சு, ஆனால் வந்த துளையிலேயே ஊசியை இறக்கினால் முடிச்சு உள்ளே நழுவிவிடும். பக்கத்திலுள்ள துணியைக் குத்தி இறக்குங்கள். வளைவுகள் படிக்கட்டாகத் தெரிந்தால் அதே நிறத்தில் ஓர் இழையால் பேக் ஸ்டிட்ச் (கோடாக ஓடும் தையல்) ஓட்டலாம். சிக்குக் கோலத்தை மட்டும் ஐடாவில் முயலாதீர்கள், நெளிவு போய்விடும். புள்ளி வைத்து நேர்க்கோட்டில் இழுக்கும் கோலம் அருமையாக வரும்.

டிஷ்யூ பாக்கெட்டை வைத்து உணவங்காடியில் இடம் பிடிப்பவருக்கு, “இது எங்க இடம்” என்று தைத்த டிஷ்யூ உறையைப் பரிசளியுங்கள். சிரிக்காதவர் யார்?

எண்ண வசதியாகத் துணியில் கட்டக்கோடு போடச் சூட்டில் மறையும் பேனா விற்கிறார்கள். தொட வேண்டாம். இஸ்திரியில் மறையும் கோடு உறைகுளிரில் திரும்பி வரும். டொராண்டோவுக்கு அனுப்பிய பரிசில் நீலக்கட்டங்கள் முளைத்தால் நன்றாகவா இருக்கும்? தண்ணீரில் கரையும் பேனா போதும், அதையும் கழுவிய பிறகே இஸ்திரி.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு இரண்டு எச்சரிக்கை. ஊசியைத் துணியில் குத்தியபடி வைத்தால் துருப்புள்ளி விழும், அது போகாது. வளையத்தையும் இரவில் கழற்றிவிடுங்கள், கையழுக்கு சேர்ந்து வட்டக்கறை படியும். கண்ணாடிச் சட்டம் போடுவதானால் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் பூஞ்சை பிடிக்கும். பிள்ளைக்கான உடுப்பில் தைத்தால் பின்பக்கம் உறுத்தும்; இஸ்திரி போட்டால் ஒட்டும் மெல்லிய துணியால் மூடி, மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் உரிந்துவரும்.