டிராக்டர் ஆயில்: எஞ்சினுக்கு எது, கியர் பெட்டிக்கு எது?

மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு என்ற செய்தி வந்ததும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து டிராக்டர் பட்டறைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். சேற்றுக்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்டுவதற்குள் ஆயில் மாற்றியாக வேண்டும். அங்கே நடக்கும் வாக்குவாதத்தில் முக்கால்வாசி எஞ்சின் ஆயிலைப் பற்றித்தான்: 20டபிள்யூ-40 போதுமா, 15டபிள்யூ-40 வேண்டுமா, சிந்தெடிக் ஊற்றலாமா. கியர் பெட்டிக்கு வந்தால் மட்டும் "ஏதாவது ஒரு தொண்ணூறு ஊத்திடுங்கண்ணே" என்று 90-ஆம் எண் கியர் ஆயிலோடு பேச்சு முடிந்துவிடும். என்னைக் கேட்டால் தலைகீழாக நடக்கிறது.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கானது. 15டபிள்யூ ஆயிலை அதற்காகச் சோதிப்பது மைனஸ் 20 டிகிரியில், 20டபிள்யூவை மைனஸ் 15-ல். மார்கழி விடியலில்கூட அந்தக் குளிரை நம் வயல் பார்க்கப்போவதில்லை. எஞ்சின் சூடேறிய பிறகு இரண்டுமே 40 தான். 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும். ஆகவே இந்தச் சண்டையில் பெரிய பொருள் இல்லை.

பார்க்க வேண்டியது கேனில் இருக்கும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியச் சங்கம்) தரம். சிஎஃப்-4 வந்தது 1990-ல், சிஐ-4 2002-ல். டீசல் கரியைத் தாங்கிப் பிடிப்பதில் புதியது மேல். மேனுவல் சிஎஃப்-4 கேட்டால் சிஐ-4 ஊற்றலாம்; சிஐ-4 கேட்கும் வண்டிக்குப் பழையதை ஊற்றக் கூடாது. புதிய தரம் பெரும்பாலும் 15டபிள்யூ-40 கேனில்தான் கிடைக்கிறது என்பதால் நான் அதை எடுப்பேன், அவ்வளவுதான். சிந்தெடிக் நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் மேனுவல் சொல்லும் ஓட்ட மணிக்கணக்கில் சாதா ஆயிலை ஒழுங்காக மாற்றுகிறவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. மாற்றிய மறுநாளே ஆயில் கறுத்துவிட்டதே என்று பதறவும் வேண்டாம். கரியை அள்ளி வைத்திருக்கிறது என்று அர்த்தம். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறினால்தான் கவலை. டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது.

பைக்குக்கு இன்னொரு கணக்கு. அங்கே எஞ்சின், கிளட்ச், கியர் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. கேனில் ஜாசோ எம்ஏ (ஆயிலில் முங்கும் பைக் கிளட்ச்சுக்கான ஜப்பானியத் தரம்) என்று இருக்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

இனி பின்பக்கம். நம்மூர் டிராக்டர்கள் பலவற்றில் கியர், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில். ஆயில் பிரேக் வண்டியில் பிரேக் தகடுகளும் சில சமயம் அதிலேயே முங்கிக் கிடக்கும். டிரை பிரேக் உள்ள பழைய வண்டிக்கு, மேனுவல் கேட்டிருந்தால் இபி 90 (அதிக அழுத்தம் தாங்கும் கியர் ஆயில்) தாராளம். ஆயில் பிரேக் வண்டிக்கு அதையே ஊற்றினால் பிரேக் அலறும், சரியாகப் பிடிக்காது. வேண்டியது கியர், ஹைட்ராலிக், ஆயில் பிரேக் மூன்றுக்கும் சேர்த்துச் செய்த யுடிடிஓ வகை. விலை கூடுதல்தான். எஞ்சின் ஏழெட்டு லிட்டரோடு நிற்கும், பின்பக்கம் நாற்பதைத் தாண்டியும் கேட்கும் வண்டி உண்டு. கை தயங்குவது அதனால்தான்.

தொண்ணூறு என்றால் நாற்பதைவிட இரண்டு மடங்கு கெட்டி என்ற நம்பிக்கையும் தவறு. கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேறு. எஞ்சின் கணக்கில் பார்த்தால் அது 40-க்கும் 50-க்கும் பக்கத்தில் வரும். தொண்ணூறிலும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று பிரிவு இருக்கிறது. ஜிஎல்-5-ல் கந்தக, பாஸ்பரஸ் மருந்து அதிகம். லாரி ஆக்ஸிலுக்கு ஏற்றது. கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள கியர் பெட்டியில் அது வளையத்தை அரிக்கக்கூடும்.

இதெல்லாம் காய்ந்த நிலத்துக்கும் பொருந்தும். டெல்டாவின் தலைவலி சேறு. குருவைக்குச் சேறடிக்கும்போது சக்கரம் அச்சு வரை முங்குகிறது, சேறு ஆக்ஸிலில் ஆயிலை அடைத்து நிற்கும் சீல் வளையத்தைத் தேய்க்கிறது, தண்ணீர் உள்ளே போகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் டிரைன் பிளக்கை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். இபி 90 என்றால் பல நேரம் முதலில் வருவது தண்ணீர், பிறகுதான் ஆயில். யுடிடிஓ கொஞ்சம் ஈரத்தைத் தனக்குள் கலந்து வைத்துக்கொள்ளும். அடியில் தண்ணீர் தெரியாது, நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். பால் காபி மாதிரி வெளுத்திருந்தால் எந்த வகையானாலும், மணிக்கணக்கு மிச்சம் இருந்தாலும், முழுக்க இறக்கிவிட வேண்டியதுதான். அப்போதே சீல் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் சம்பா சேற்றுழவு முடிவதற்குள் புது ஆயிலும் வெளுத்துவிடும்.