ஒலிவியரா, கில்குட்டா? யாரோட நடிப்பு வாழ்க்கை பெருசு?

இங்கிலாந்து நடிகர்கள பத்தி பேச்சு எடுத்தாலே மொதல்ல வர்ற பேரு லாரன்ஸ் ஒலிவியர்தான். ஜான் கில்குட் அதுக்கு அப்புறம்தான், அதுவும் நெறைய பேருக்கு அவர 1981ல வந்த 'ஆர்தர்' படத்துல பட்லரா நடிச்ச வயசான மனுஷனாத்தான் தெரியும். இந்த வரிசை எனக்கு ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. ஒலிவியர் பெரிய நடிகர், அதுல எந்த சந்தேகமும் இல்ல, ஆனா மேடை ஏறின நாள்லேருந்து கடைசி வரைக்கும் ஒரு நடிகனோட முழு வாழ்க்கையையும் எடுத்து வச்சுப் பாத்தா நான் கில்குட் பக்கம்தான்.

ஒப்பிட்டுப் பாக்க நாம கஷ்டப்படவே வேணாம், 1935ல அவங்களே அத செஞ்சு காட்டிட்டாங்க. லண்டன் நியூ தியேட்டர்ல கில்குட் டைரக்ட் பண்ணின 'ரோமியோ ஜூலியட்', ஜூலியட்டா பெக்கி ஆஷ்கிராஃப்ட், செவிலியா ஈடித் எவன்ஸ். மொத சில வாரம் ஒலிவியர் ரோமியோ, கில்குட் ரோமியோவோட நண்பன் மெர்குஷியோ, அப்புறம் ரெண்டு பேரும் வேஷத்த மாத்திக்கிட்டாங்க. அதே மேடை, அதே வசனம், ஆளு மட்டும் வேற. விமர்சகர்கள் ஒலிவியர வறுத்து எடுத்துட்டாங்க, கவிதைய பேசத் தெரியல, சாதாரண பேச்சு மாதிரி பேசறார்னு. கில்குட்டுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது, பழைய காலத்துப் பெரிய நடிகை எல்லன் டெர்ரியோட அக்கா பேரன், நாடகக் குடும்பம், 26 வயசுல லண்டன் ஓல்ட் விக் தியேட்டர்ல ஹேம்லெட் போட்டவர், ஷேக்ஸ்பியர் வரிகள் அவர் வாயில சங்கீதமா வரும். ஆனா காதல்ல விழுந்த பையன் எப்படி நிப்பான், எப்படி மூச்சு வாங்குவான்னு உடம்புல காட்டினது ஒலிவியர்தான். தான் வரியோட இனிமையில லயிச்சுட்டிருந்தப்போ ஒலிவியர் நேரா உணர்ச்சிக்குள்ள குதிச்சுட்டார்னு கில்குட்டே பின்னாடி ஒத்துக்கிட்டார். அந்த ரவுண்டுல விமர்சகர்கள் சொன்னத விட காலம் சொன்ன தீர்ப்புதான் சரி, அது ஒலிவியருக்குத்தான்.

சினிமான்னு வந்தா போட்டியே இல்ல. கில்குட் 1936ல ஹிட்ச்காக் படத்துல நடிச்சார், அந்த அனுபவம் அவருக்கு ஒட்டவே இல்ல, ரொம்ப வருஷம் படங்கள் பக்கம் அரைமனசாத்தான் போனார். ஒலிவியரும் மொதல்ல சினிமாவ மட்டமா நெனச்சவர்தான், 1939ல 'உதரிங் ஹைட்ஸ்' எடுக்கறப்போ டைரக்டர் வில்லியம் வைலர் அவர போட்டு உலுக்கி எடுத்தார், அதுக்கப்புறம் கேமராவ மரியாதையா பாக்க ஆரம்பிச்சார். 1944ல அவரே எடுத்த 'ஐந்தாம் ஹென்றி'ய பாருங்க, போருக்கு முன்னாடி ராஜா படை வீரர்கள்கிட்ட பேசற இடம். சாதாரணமா உச்சக்கட்டம் வர்றப்போ கேமரா முகத்துக்குக் கிட்ட போகும், இங்க அவர் குரல் ஏற ஏற கேமரா பின்னால போய்க்கிட்டே இருக்கு, குரல் நெறைய எடம் வேணும்னு கேக்குது, ஃபிரேம் அந்த எடத்தக் குடுக்குது. மேடைக்கும் சினிமாவுக்கும் நடுவுல இருந்த சிக்கல ஒரே ஷாட்ல தீத்து வச்சிருக்கார். 1948ல 'ஹேம்லெட்'டுக்கு சிறந்த படம், சிறந்த நடிகர்னு அவருக்கு ரெண்டு ஆஸ்கர், அமெரிக்கா அல்லாத ஒரு படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கினது அதுதான் மொத தடவை.

நிறுவனம் கட்டினதுலயும் ஒலிவியர்தான் மேல. 1963லேருந்து 1973 வரைக்கும் இங்கிலாந்தோட நேஷனல் தியேட்டருக்கு மொத இயக்குநர், அந்தப் பத்து வருஷம் நிர்வாகம், நடிப்பு, டைரக்ஷன் எல்லாத்தையும் தலையில போட்டுக்கிட்டார். அதுக்கு அவர் குடுத்த விலையும் பெருசு. 1964ல ஷேக்ஸ்பியரோட கறுப்பின ஹீரோ 'ஒதெல்லோ' வேஷம் போட்டார், குரல பயிற்சி பண்ணி ரொம்ப கீழ எறக்கி, உடம்பெல்லாம் கறுப்பு பூசிக்கிட்டு. அந்த உழைப்ப மதிக்கலாம், ஆனா வெள்ளைக்காரர் கறுப்பு பூசிக்கிட்டு நடிச்ச அத இன்னைக்கு என்னால முழுசா உக்காந்து பாக்க முடியல. அதே காலத்துலதான் அவருக்கு மேடை பயம் புடிச்சுது, தனியா மேடையில நிக்கற நேரத்துல வில்லன் இயாகோவா நடிச்ச ஃபிராங்க் ஃபின்லேய ஓரத்துல கண்ணுல படற மாதிரி நிக்கச் சொல்லியிருக்கார். உலகத்துலயே பெரிய நடிகர்னு ஊரே சொல்லிட்டிருந்த ஆளுக்கு இந்த நெலம, அப்படியும் வருஷக்கணக்கா அவர் மேடைய விடல, அத நெனச்சா மனசு கனக்குது.

இப்போ கில்குட்ட பாருங்க. 1953ல சர் பட்டம் கெடைச்ச சில மாசத்துலயே, ஓரினச்சேர்க்கை குற்றமா இருந்த காலம், போலீஸ் கைது பண்ணி 10 பவுண்டு அபராதம் போட்டாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துடுச்சு. எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சு நின்னவர, லிவர்பூல்ல நாடகம் ஆரம்பிச்சப்போ கூட நடிச்ச சிபில் தார்ன்டைக் தைரியம் சொல்லி மேடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ஜனங்க கை தட்டி அவர ஏத்துக்கிட்டாங்க. இங்கிலாந்துல அந்தச் சட்டம் மாற 1967 ஆச்சு.

என்னை கில்குட் பக்கம் இழுக்கறது அதுக்கு அப்புறம் நடந்ததுதான். அறுபது வயசுக்கு மேல அவர் தன்னோட பாணியையே கழட்டி வச்சார். அழகான குரல் இருக்குல்ல, அதையே பாடிட்டு ஓட்டியிருக்கலாம். அப்படி செய்யல. 1968ல பீட்டர் புரூக் டைரக்ஷன்ல 'ஈடிபஸ்', 1970ல 'ஹோம்', 1975ல ஹெரால்ட் பின்டரோட 'நோ மேன்ஸ் லேண்ட்'னு புது மாதிரி நாடகங்கள். கடைசியா சொன்னதுல ஸ்பூனர்ங்கற தோத்துப் போன கவிஞன் வேஷம், கசங்கின சூட்டு, கலைஞ்ச முடி, சாக்ஸ் மேல செருப்பு, கவிஞர் ஆடன் சாயல்ல அந்தத் தோற்றத்த அவரே புடிச்சு வச்சார். மேடையில இளவரசனாவே வாழ்ந்த ஆளு எழுபது வயசுக்கு மேல இப்படி வந்து நிக்கறதுக்கு என்ன துணிச்சல் வேணும்! 'ஆர்தர்'ல அந்த அலட்டல் இல்லாத பட்லருக்கு ஆஸ்கர் கெடைச்சப்போ அவருக்கு 77. அடுத்த வருஷமே 'காந்தி' படத்துல வைஸ்ராய் இர்வின், உப்பு சத்தியாகிரகம் நடக்கற நேரத்துல பொறுமையா உக்காந்து பேசற அந்தக் குரல நம்ம ஊர்லயும் லட்சக்கணக்கான பேர் கேட்டிருப்பாங்க, பேருதான் தெரிஞ்சிருக்காது. 83 வயசுலயும் லண்டன்ல ஒரு நாடகம் முழுசா நடிச்சார்.

ஒலிவியரோட கடைசி வருஷங்கள உடம்பு விடல, 1967ல புற்றுநோய், 1974ல தசை நோய், மேடைக்குத் திரும்ப முடியல. அதனால இது நியாயமான போட்டியான்னு நீங்க கேக்கலாம். நோய விட்டுட்டுப் பாத்தாலும் வித்தியாசம் இருக்கு. ஒலிவியர் ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கணும்னு நடிப்பார், ஒட்டு மூக்கு, புது நடை, புது குரல்னு. பழைய காலத்து நடிகர் எட்மண்ட் கீன் ஷேக்ஸ்பியரோட மூணாம் ரிச்சர்டா நடிச்சப்போ வச்சிருந்த வாள், அவருக்கு அப்புறம் வந்த பெரிய நடிகர் ஹென்றி இர்விங் கைக்குப் போய் கடைசியில கில்குட்கிட்ட வந்து சேந்துச்சு, ஒலிவியர் அதே வேஷத்துல கலக்கினத பாத்துட்டு கில்குட் அத அவருக்கே குடுத்துட்டார். ஒலிவியர் அத யாருக்கும் குடுக்கல. போட்டிக்காரன் தன்ன விட நல்லா செஞ்சா அத ஒத்துக்கற மனசு கில்குட்டுக்கு இருந்துச்சு, வயசான காலத்துலயும் புதுசா கத்துக்க முடிஞ்சது அதனாலதான்னு நான் நம்பறேன்.

ரெண்டு பேரையும் ஒரே எடத்துல பாக்கணும்னா 1981ல வந்த 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' டிவி தொடர் எடுங்க. ஒலிவியர் சாகப் போற பிரபுவா வர்றார், அவ்வளவு பேரு சூழ்ந்து நிக்க நீளமா பேசற காட்சி, நல்லாவே செஞ்சிருக்கார். கில்குட் ஹீரோவோட அப்பா. சாப்பாட்டு மேசையில உக்காந்துக்கிட்டு, பையன் கூட்டிட்டு வந்த இங்கிலீஷ்கார நண்பன அமெரிக்கன்னு தானா முடிவு பண்ணிக்கிட்டு ராத்திரி முழுக்க அப்படியே பேசி அவன தவிக்க விடுவார், குரல் கொஞ்சம் கூட ஏறாது, கண்ணு மட்டும் லேசா மின்னும். மொதல்ல அந்தக் காட்சிய பாத்துட்டு அப்புறம் ஒலிவியர் வர்ற எபிசோடுக்குப் போங்க.