பாக்கெட் காமா டிடெக்டர்: மணவாளக்குறிச்சியில் பாஸ், ஃப்யூசருக்குப் பக்கத்தில் கஷ்டம்

சட்டைப் பையில் அடங்குகிற சாதனம். உள்ளே ஒரு கன சென்டிமீட்டர் சீசியம் அயோடைடு படிகம், புளூடூத்தில் போனுக்கு ஸ்பெக்ட்ரம். விலை முப்பதாயிரத்தை நெருங்கியது. மார்த்தாண்டத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை நடத்துகிற எனக்கு இது தேவையே இல்லை. இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற அக்கா மகன் ஃப்யூசர் கட்டப் போகிறானாம், அதாவது உயர் வோல்ட்டேஜில் அணுக்களை மோதவிட்டு இணைக்கிற சின்ன மெஷின். "மாமா, இது ஒண்ணு போதும், எல்லா கதிரையும் பாத்துக்கலாம்" என்று வாங்க வைத்துவிட்டான்.

காமாவை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டுவதில் கெட்டிக்கார சாதனம்தான். சோதிக்க எங்கேயும் போக வேண்டியதில்லை, மணவாளக்குறிச்சி கரை இருக்கிறதே. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதிலிருக்கும் கதிர்வீசும் தோரியம்தான் நமக்கு ஓசி காமா சோர்ஸ். பாலிதீன் கவரில் போட்டுக் கருமணல் மேல் வைத்தேன். வீட்டில் 0.1 சொச்சம் காட்டியது இங்கே மணிக்கு 2 மைக்ரோசீவர்ட்டை (உடம்பு வாங்கும் கதிர் டோஸின் அளவு) தாண்டியது. ஸ்பெக்ட்ரத்தில் தோரியத்தின் அடையாளமான 238 கேஇவி (கதிரின் ஆற்றல் அலகு) உச்சி நெட்டுக்குத்தாக எழுந்தது, 583-ம் 911-ம் பளிச். ஆனால் 2614 மட்டும் வரவே மாட்டேன் என்றது. சாயா குடித்துவிட்டு, வள்ளங்கள் கரையேறுகிறவரை உட்கார்ந்திருந்தும் ஒரு சின்ன மேடுதான். படிகம் சின்னது, அவ்வளவு ஆற்றலுள்ள காமா பெரும்பாலும் முழுசாக உள்ளே நிற்காது.

ஃப்யூசருக்கு இந்த இடம்தான் முக்கியம். அதில் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) இணையும்போது பாதித் தடவை 2.45 எம்இவி (ஒரு எம்இவி ஆயிரம் கேஇவி) நியூட்ரான் வரும். மெழுகிலோ தண்ணீரிலோ வேகம் குறைந்து ஹைட்ரஜனிடம் மாட்டினால் 2.22 எம்இவி காமா. கரையில் இத்தனை மணலும் சேர்ந்து 2614-ஐ இந்த லட்சணத்தில் காட்டினால், கல்லூரிப் பையன் கட்டும் ஃப்யூசரின் 2.22-ஐ இது காட்டுமென்று நான் நம்பவில்லை. விற்றவரின் விற்பனைப் பக்கத்தில் "ஃப்யூஷனை நேரில் பார்க்கலாம்" என்று போட்டிருப்பது சும்மா. நியூட்ரானை எண்ண இதில் வழியே கிடையாது. போதாததற்கு, நியூட்ரான் பட்ட அயோடின் 25 நிமிட அரை ஆயுளுள்ள அயோடின்-128 ஆகும், மெஷினை அணைத்த பிறகும் படிகம் தன்னையே எண்ணும்.

ஃப்யூசரின் வோல்ட்டேஜால் வரும் எக்ஸ்-ரேயும் அப்படித்தான். 30 கிலோவோல்ட் கொடுத்தால் 30 கேஇவிக்கு மேல் வராது, ஸ்டீல் சேம்பர் அதைத் தடுத்துவிடும். கசிவது பார்க்கிற கண்ணாடி ஜன்னல் வழியாக, அதுவும் குறுகலாக. ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் "எல்லாம் சேஃப்" என்று காட்டும். 662 கேஇவிக்கு அளவு சரிசெய்த டோஸ் எண்ணை அங்கே நம்பவே கூடாது. ஜன்னலுக்கு ஈயக் கண்ணாடி, முகத்துக்குப் பதில் ஒரு கேமரா.

மருமகனோ பழைய பேட்டரி ஈயத்தை உருக்கிச் சுற்றிலும் சுவர் வைக்கிறேன் என்கிறான். நியூட்ரான் ஈயத்துக்கெல்லாம் நிற்குமா மக்கா? மெழுகு, தண்ணீர் கேன், போரான், கூடவே தூரம்.

ஆப் சுமார், பேட்டரி நன்று. தோரியம் பார்க்க 4 ஸ்டார், ஃப்யூசர் பாதுகாப்புக்கு 1. நியூட்ரான் பட்டால் குமிழி காட்டுகிற குமிழி டோசிமீட்டரும், கல்லூரி வழியாக ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதியும் வருகிறவரை சாதனம் என் கடையில்தான் இருக்கும். பார்க்க ஆசையுள்ளவர்கள் வரலாம். சோதிக்கிறேன் என்று கருமணலை அள்ளிக்கொண்டு மட்டும் வராதீர்கள், மோனசைட் அணுசக்திச் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்.