மரத்தின் மேல் நான்கு செயின் சா: ஏற்காட்டில் ஒன்பது வருட அனுபவம்

ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்கு நிழல் மரம் கழித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இதுவரை நான்கு செயின் சா (மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம்) என் இடுப்பில் தொங்கியிருக்கின்றன. ஒன்று மூன்று மாதம் கூடத் தாங்கவில்லை. ஒன்று என் தவறால் சீஸ் ஆகி, அதாவது என்ஜின் உள்ளே இறுகி, நின்றுபோனது. ஒன்று இப்போது தரையில் மட்டும் வேலை செய்கிறது. நான்காவதுதான் ஐந்து வருடமாக என்னோடு மரத்துக்கு வருகிறது. புதிதாக மரமேற வரும் தம்பிகள் "எந்த மிஷின் வாங்கலாம்ணா?" என்று கேட்கும்போதெல்லாம் போனில் அரைகுறையாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒருமுறை முழுதாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வேலை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிஷினை அதுதான் முடிவு செய்கிறது. மலைப்பகுதியில் மரத்தை அடியோடு சாய்க்க 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கியாக வேண்டும். எனவே எங்கள் வேலையில் முக்கால்வாசி கிளை கழிப்பதுதான். காபி அறுவடை முடிந்து, மழை பிடிக்கும் முன் தோட்டத்துக்குள் வெளிச்சம் விட வேண்டும். நிழல் அதிகமாக இருந்தால் செடி பூப்பது குறையும், மழைக்காலத்தில் ஈரம் தங்கி இலை அழுகும். அதற்காக மொட்டை அடித்துவிடவும் முடியாது. வெயில் நேராக விழுகிற அரபிக்கா செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்கிற வண்டு வந்து உட்கார்ந்துவிடும். அதனால் கிளை கிளையாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் சில்வர் ஓக். அடிமரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழே காபிச் செடி. கிளை தவறி விழுந்து ஒரு செடி முறிந்தால் அது மறுபடி காய்க்கச் சில வருடம் பிடிக்கும். எடுக்கிற கிளைகளோ மணிக்கட்டுப் பருமனிலிருந்து தொடைப் பருமன் வரைதான். இதற்குப் பெரிய மிஷின் எதற்கு?

இந்தக் கேள்வியை நான் முதல் வருடம் கேட்டுக்கொள்ளவில்லை. கடையில் கிடைத்த சாதாரண மாடலைத்தான் வாங்கினேன்: பின்பக்கம் கைப்பிடி, 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு), சுமார் 32 சிசி. தரையில் நல்ல மிஷின். இன்றைக்கும் விழுந்த கட்டையைத் துண்டு போட அதைத்தான் எடுக்கிறோம். மரத்தின் மேல் போனால் கதை வேறு. பின்கைப்பிடி மிஷினை இயக்க உடம்புக்கு முன்னால் நல்ல இடம் வேண்டும், இரண்டு கையும் அகலமாக விரிய வேண்டும். கயிற்றில் உட்கார்ந்து, ஒரு காலைக் கவட்டையில் ஊன்றி, கிளைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளியில் அறுக்கிறவனுக்கு அந்த இடம் கிடைக்காது. மணிக்கட்டை முறுக்கி முறுக்கி அறுத்ததில் இரண்டாம் சீசன் முடியும்போது வலது முழங்கையைத் தூக்கவே முடியவில்லை.

டாப் ஹேண்டில் என்பது இதற்கென்றே செய்தது. ஆக்ஸிலேட்டர் உள்ள கைப்பிடி மிஷினின் தலைமேல் இருக்கும். எடை கைக்கு நேர் கீழே விழுவதால், அதே எடையே பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: இரண்டு கைப்பிடியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பார் நுனி எதிலாவது முட்டி எகிறினால் அடக்குவது கடினம். தயாரிப்பாளர்களே தங்கள் கையேட்டில் மரமேறப் பயிற்சி எடுத்தவர்களுக்கு மட்டும் என்றுதான் போடுகிறார்கள். தோட்டத்து வீட்டில் விறகு அறுக்கச் சின்னதாக ஒன்று வேண்டும் என்று இதை வாங்காதீர்கள்.

என் முதல் டாப் ஹேண்டில் மலிவான 25 சிசி மிஷின். பெயர் வேண்டாம். எடை குறைவு, விலை குறைவு. இரண்டாம் மாதத்திலேயே ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் செயின் ஊர்ந்துகொண்டிருந்தது. ஐடிலை, அதாவது ஆக்ஸிலேட்டர் தொடாதபோது ஓடுகிற வேகத்தை, குறைத்தால் மிஷின் அணைந்துவிடும், ஏற்றினால் செயின் ஊரும். தரையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றலாம். மரத்தில், இடுப்புக்குக் கீழே, என் உயிர் தொங்குகிற கயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி அந்தச் செயின் ஊர்வதை நின்று பார்த்தேன். அன்றே இறக்கிவிட்டேன். கடையில் எந்த மிஷினைப் பார்த்தாலும் முதலில் இதைச் சோதியுங்கள்: சூடேற ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டு, செயின் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து எடை. கேட்லாக்கில் போடுகிற எடை வெறும் மிஷினுடையது. பெட்ரோல், செயின் ஆயில், பார், செயின் எதுவும் அதில் சேராது. உதாரணத்துக்கு ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 201 டிசி-எம் 35 சிசி, 3.7 கிலோ என்பார்கள். ஹஸ்க்வர்னா டி540 எக்ஸ்பி 38 சிசிக்குக் கொஞ்சம் குறைவு, 3.9 கிலோ. எல்லாம் போட்டு, டேங்க் நிரப்பி, தராசில் வைத்தால் ஐந்து கிலோவை நெருங்கும். எக்கோவின் 25 சிசி மாடல் 2.3 கிலோ. அந்த ஒன்றரை கிலோ வித்தியாசம் காலை எட்டு மணிக்குத் தெரியாது. மதியம் ஒரு மணிக்கு, ஆறாவது மரத்தில், கையை நீட்டி வெளிக்கிளையை அறுக்கும்போது தெரியும். நான் வாங்கும்போது அந்த மதியம் ஒரு மணியை மனதில் வைத்துத்தான் பார்க்கிறேன். நாள் முழுக்கக் கிளை கழிப்பு மட்டும் என்றால் 25 சிசி போதும். அடிமரத்தையும் துண்டு துண்டாக இறக்க வேண்டியிருந்தால் 35 சிசி வேண்டும். எனக்கு இரண்டும் வருவதால் 35-ல் நின்றேன், ஆனால் பார் 12 அங்குலம். 14 போட்டால் முன்பக்கம் தலை கவிழும், நுனி எங்கே இருக்கிறது என்ற கணக்கும் தவறும். 12 அங்குலத்தில் இரண்டு பக்கமும் அறுத்தால் எங்கள் மரங்கள் எல்லாமே அடங்கிவிடுகின்றன.

இனி மூன்றாவது மிஷின் கதை. மலையில் வேலை செய்கிற யாரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் மிஷின் வாங்கக் கூடாது.

அது நல்ல கம்பெனி மிஷின், 35 சிசி, கையால் திருகி ட்யூன் செய்கிற கார்புரேட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே காற்று மெல்லியது; அதே பெட்ரோலுக்குக் காற்று பற்றாமல் புகை கக்கும், வேகம் ஏறாது. அதனால் ஸ்குருவைத் திருகி பெட்ரோலைக் குறைத்து வைத்தேன். ஒரு சீசன் முழுக்கக் கண்ணாக ஓடியது. அப்புறம் சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் வேப்பமரம் இறக்கக் கூப்பிட்டார்கள். மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனேன். சேலம் 280 மீட்டர்தான். காற்று கெட்டி, பெட்ரோல் நான் குறைத்து வைத்த அளவு, மேலே ஏப்ரல் வெயில். மிஷின் வழக்கத்தைவிட வேகமாகக் கத்தியது. நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அரைமணி நேரத்தில் கட்டைக்குள் அப்படியே நின்றது. கயிறு இழுத்தால் அசையவில்லை.

மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்து, "இங்க பாருங்க தம்பி" என்றார். அந்தத் துவாரம் வழியாகப் பிஸ்டன் தெரிந்தது. பளபளவென்று இருக்க வேண்டிய பக்கத்தில், பூனை பிராண்டியதுபோல் மேலிருந்து கீழாகக் கோடுகள். அலுமினியம் உருகி சிலிண்டரில் அப்பியிருந்தது. "மேல ட்யூன் பண்ணதுங்களா? அதை அப்படியே கீழ ஓட்டுனீங்களா?" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பெட்ரோலோடு கலக்கிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் உயிர். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்து குறைகிறது, சூடும் ஏறுகிறது. இதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

எனவே மலைக்கும் சமவெளிக்கும் போய்வருகிறவர் என்றால், தானாகவே காற்றுக்கேற்ப பெட்ரோலைச் சரிசெய்கிற மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். ஸ்டில்லில் எம்-ட்ரானிக் என்றும் ஹஸ்க்வர்னாவில் ஆட்டோட்யூன் என்றும் சொல்கிறார்கள். என் நான்காவது மிஷின் அந்த ரகம்தான். என்னிடம் இருந்த சின்ன பின்கைப்பிடி மிஷினைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. மனைவியின் நகையை வைத்துத்தான் வாங்கினேன், இரண்டு சீசனில் மீட்டுவிட்டேன். கையால் திருகுகிற கார்புரேட்டர் வைத்திருப்பவர்கள் சத்தத்தைக் கேட்கப் பழகுங்கள். முழு ஆக்ஸிலேட்டரில் வெறுமனே ஓடும்போது சத்தம் லேசாகக் கரகரக்க வேண்டும். கட்டையில் இறக்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சுத்தமாக வர வேண்டும். வெறுமனே ஓடும்போதே விசில்போலச் சுத்தமாகக் கத்தினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பெட்ரோல் பற்றி. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்ற கணக்கில் ஒரு லிட்டர் மட்டும் கலக்கிறேன், அந்த வாரத்துக்குள் தீர்த்துவிடுகிறேன். சீசன் முடிந்தால் டேங்கைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டுத்தான் மூட்டை கட்டுவேன். இதைச் செய்யாமல் வைத்த வருடம் கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் தகடு விறைத்துப்போய், மாற்றும்வரை ஸ்டார்ட் ஆகவில்லை. செயினுக்குப் பழைய என்ஜின் ஆயில் ஊற்றுகிற பழக்கம் இங்கே நிறைய. ஊற்றாதீர்கள். செயினில் விடுகிற ஆயில் மொத்தமும் கீழேதான் தெறிக்கிறது, மிளகு இலையிலும் காபி இலையிலும். அதைக் கையால் பறிக்கப்போகிறவர்கள் நம் பெண்கள்தான்.

செயின் தீட்டுவதில் சோம்பல் கூடாது. சில்வர் ஓக் மிருதுவான கட்டைதான், ஆனால் பட்டையில் கரையான் மண் ஏறியிருந்தால் ஒரே கிளையில் பல் மழுங்கிவிடும். கொடுவாளின் முதுகால் மண்ணைத் தட்டிவிட்டு அறுக்கிறேன். தூளைப் பார்த்தாலே தெரியும்: அவல்போலச் செதிலாக விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது, மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது. எட்டில் மூன்று அங்குலச் சின்னச் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு, ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு. இரண்டு டேங்குக்கு ஒருமுறை, கீழே இறங்கி டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். மழுங்கிய செயினை அழுத்தி அழுத்தி அறுப்பவன் கை களைத்து, கடைசியில் ஒற்றைக் கைக்கு வந்துவிடுவான்.

ஒற்றைக் கை என்றதும் வாழவந்தியில் நடந்தது ஞாபகம் வருகிறது. இடது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் அறுத்தேன். இரண்டு நொடி வேலை என்று நினைப்பு. கிளைக்குப் பின்னால் பழைய கவாத்தில் விட்டுப்போன ஒரு முளை இருந்ததை நான் பார்க்கவில்லை. பார் நுனி அதில் முட்டியது. மிஷின் என் முகத்தை நோக்கி எகிறியது. செயினை உடனே நிறுத்துகிற செயின் பிரேக் விழுகிற 'டக்' சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது நின்றுபோன செயின் ஹெல்மெட் விளிம்பில் ஒட்டியபடி இருந்தது, அதன் பற்களை எண்ணியிருக்கலாம். கீழே கயிறு பிடித்திருந்த மச்சான் "என்னாச்சு மாப்ளே?" என்று கத்தினான். பதில் சொல்லக் குரல் வரவில்லை. அன்றிலிருந்து இரண்டு கைக்கு இடமில்லாத கிளைக்கு மிஷினே எடுப்பதில்லை. இடுப்பில் வளைந்த கைரம்பம் ஒன்று உறையில் இருக்கிறது, கைப்பருமன் கிளையை அது சில இழுப்பில் முடித்துவிடும். தினமும் காலையில் பிரேக்கைச் சோதிப்பதும் அன்றிலிருந்துதான்.

வாங்கும்போது மிஷினின் பின்புறம் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பட்டை மாட்டி இடுப்பில் தொங்கவிட வேண்டும். அறுக்கும் நேரத்தில் உங்களுக்கு இரண்டு பிடிப்பு இருக்க வேண்டும்: மேலே ஒரு கயிறு, மரத்தைச் சுற்றி உள்ளே கம்பி ஓடுகிற ஒரு பட்டை. ஒன்றைச் செயின் தொட்டாலும் இன்னொன்று இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது பிரேக் போட்டுவிட்டு, மிஷினை உடம்போடு அணைத்துப் பிடித்துத்தான் கயிறு இழுக்க வேண்டும். கீழே விட்டெறிவதுபோல் இழுப்பதைச் சிலர் திறமை என்று நினைக்கிறார்கள்.

பேட்டரி மிஷின் ஒன்றை இரவல் வாங்கி ஒரு சீசன் ஓட்டினேன். சத்தமில்லாததால் கீழே இருப்பவன் பேசுவது கேட்கிறது, அது பெரிய நிம்மதி. கயிறு இழுக்க வேண்டாம், மலை சமவெளி என்ற தொல்லையும் இல்லை. ஆனால் பேட்டரியைச் சேர்த்தால் எடையில் பெரிய லாபம் இல்லை. எங்கள் தோட்டங்கள் பலவற்றில் கரண்ட் இருக்கிற இடத்துக்கே அரைமணி நடக்க வேண்டும். சேலம் டவுனுக்குள் வீட்டு மரம் மட்டும் செய்கிறவர் என்றால் நான் பேட்டரியையே சொல்வேன்.

என் மிஷினில் ஐந்து வருடத்தில் மாற்றியது: பார் இரண்டு, ஸ்டார்ட்டர் கயிறு மூன்று முறை, ஏர் ஃபில்டர் வருடத்துக்கு ஒன்று, ஒரு கிளட்ச் டிரம். செயின் எத்தனை என்று கணக்கில்லை. போன வாரம் பட்டை மாட்டுகிற வளையத்தில் தேய்மானம் தெரிந்தது. புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன். அது வந்து மாட்டிய பிறகுதான் நாகலூர் தோட்டத்து வேலைக்கு ஏறுவேன்.