ஹொன்காய்: ஸ்டார் ரெயில், தினமும் ஆட முடியாதவர்களுக்கு

எனக்கு ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. இரவு ஷிஃப்ட் வாரத்தில் வீட்டுக்கு வந்து விழுந்தால் போதும் என்றிருக்கும். அதனால் எந்த மொபைல் கேமை எடுத்தாலும், நாலு நாள் திறக்காமல் விட்டால் என்னவெல்லாம் பறிபோகும் என்றுதான் முதலில் பார்ப்பேன். ஹோயோவெர்ஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட ஹொன்காய்: ஸ்டார் ரெயிலையும் அப்படித்தான் பார்த்தேன். கதை, இசை, சண்டை பற்றியெல்லாம் மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் பரிசுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இதில் எதை ஃபார்ம் செய்யவும், அதாவது பாத்திரத்தை வளர்க்கும் பொருட்களைச் சண்டை போட்டுச் சேர்க்கவும், ட்ரெயில்பிளேஸ் பவர் என்ற ஆற்றல் வேண்டும். 6 நிமிடத்துக்கு 1 ஏறும், உச்சவரம்பு 300. அதாவது காலியான பிறகு நிரம்ப 30 மணி நேரம். நாளைக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் திறப்பவருக்கு ஒன்றும் வீணாகாது. இந்தக் கணக்கு சும்மா வந்துவிடவில்லை. இதே நிறுவனத்தின் ஜென்ஷின் இம்பாக்ட் 2020இல் வந்தபோது, அங்கே பவருக்குப் பதிலாக இருக்கும் ரெசினின் உச்சவரம்பு 120 தான். 8 நிமிடத்துக்கு 1 என்பதால் 16 மணி நேரத்தில் நிரம்பி நின்றுவிடும். ஒரு நாளில் ஒரே தடவை திறப்பவர் மீதி 8 மணி நேரத்து ரெசினை இழந்துகொண்டே இருந்தார். பிறகு 160 ஆக்கினார்கள். 2024இல்தான் 200 ஆனது, அதாவது 26 மணி 40 நிமிடம். வெறும் ஓர் எண்ணை மாற்றினாலே எத்தனை பேருக்கு நியாயம் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டார் ரெயில் அதற்கும் ஒரு படி மேலே போகிறது. 300 நிரம்பிய பிறகும் பவர் ஊறுவது நிற்பதில்லை. 18 நிமிடத்துக்கு 1 என்று மெதுவாக ஒரு தனி இருப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதன் வரம்பு 2400. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 30 நாள் ஆகிறது. இரவு ஷிஃப்ட் வாரம் முடிந்து திறந்தால் மேலே 300/300 என்று காட்டும், அதை அழுத்தினால் உள்ளே இருப்பு நிற்கும். வேண்டிய அளவு எடுத்து, கேலிக்ஸ் என்ற பொருள் சேர்க்கும் களத்தில் அடுத்தடுத்துச் சண்டை அலைகளை வைத்து, ஆட்டோவையும் இரட்டை வேகத்தையும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூன்றில் ஒரு பங்கு வேகம்தான். தினமும் வந்து ஆடுபவருக்கு அவர் உழைப்புக்கு ஏற்ற முழுப் பங்கு, வர முடியாதவருக்கு ஒரு சிறு பங்கு. யாருடையதையும் பிடுங்கி யாருக்கும் கொடுக்கவில்லை. 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு: சத்திரத்தில் விட்டுவிட்டுப் போன பாத்திரத்துக்கு ஓய்வுப் பலன் சேரும், திரும்பி வந்ததும் அந்தப் பலன் தீரும் வரை கொல்லும் ஒவ்வொரு அரக்கனுக்கும் இரட்டை அனுபவப் புள்ளி. இருபது வருடத்துக்கு முன்பே தெரிந்த வழி இது. மொபைல் கேம்கள் ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொண்டன என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதற்கு முன் நான் ஆடிக்கொண்டிருந்த ஒரு கேமில் லாகின் தொடர் ஒன்று இருந்தது. 7ஆம் நாள் பெரிய பெட்டி. நடுவில் ஒரு நாள் விட்டால் மறுபடி 1ஆம் நாள். இரவு ஷிஃப்ட் வாரம் வரும்போதெல்லாம் தொடர் அறுந்துவிடும். அந்தப் பெட்டிக்காகத் தூக்கக் கலக்கத்தில் போனைத் தேட வைக்கும் ஒரு வடிவமைப்பை நான் பரிசு என்று சொல்ல மாட்டேன்.

சரி, ஸ்டார் ரெயிலில் எது நியாயமாக இல்லை? முதலில் டெய்லி ட்ரெயினிங், அதாவது தினசரிச் சிறு வேலைகள். சர்வர் நேரப்படி அதிகாலை 4 மணிக்கு ரீசெட். அதற்குள் 500 புள்ளி சேர்த்தால் 60 ஸ்டெல்லர் ஜேட் (புதுப் பாத்திரம் பெறச் செலவிடும் கேம் காசு), விட்டால் விட்டதுதான். பவருக்கு இருப்பு வைக்கத் தெரிந்தவர்கள் இதற்கும் வைத்திருக்கலாம். வாரத்துக்கு 420 ஜேட் என்று மொத்தமாக வைத்து, அந்த வாரத்துக்குள் எந்த நாளில் முடித்தாலும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சனி, ஞாயிறு மட்டும் ஆடுபவருக்கு இப்போது கிடைப்பது 120 தான். வேலை ஒன்றே, கிழமைதான் வேறு. வளர்ந்த அணிகளுக்கான கடினமான எண்ட்கேம் சவால்களில் ஒவ்வொரு சுழற்சியும் வாரக்கணக்கில் நீள்கிறது, அங்கே அவசரம் இல்லை. கதையோடு சேர்ந்த பல ஈவென்ட்களையும் பின்னால் போய் ஆட முடிகிறது. அந்தத் தாராளம் டெய்லிக்கு மட்டும் வரவில்லை.

அடுத்தது வார்ப், அதாவது ஜேட் கொடுத்துப் பாத்திரத்தை லாட்டரி போல இழுப்பது. ஒரு இழுப்புக்கு 160 ஜேட். 5 நட்சத்திரப் பாத்திரம் வரும் வாய்ப்பு 0.6 சதவீதம், வராவிட்டாலும் 90ஆவது இழுப்பில் கட்டாயம் வரும். ஆனால் அது நீங்கள் கேட்ட பாத்திரமாகவே இருக்கும் என்று உறுதியில்லை, அந்த ஃபிஃப்டி ஃபிஃப்டியில் தோற்றால் அடுத்தது உறுதி. ஆக மிக மோசமான நிலையில் 180 இழுப்பு, 28,800 ஜேட். டெய்லியை மட்டும் நம்பினால் 480 நாள்! கதை, புதிய பகுதிகள், ஈவென்ட்கள் எல்லாம் ஜேட் தரும் என்பதால் உண்மையில் அவ்வளவு ஆகாது. ஆனால் அவற்றையும் நேரம் இருப்பவர்தான் முழுதாக அள்ள முடியும். இதில் அவ்வப்போது ஆடுபவருக்குச் சாதகமான ஒரே விஷயம், பிட்டி கணக்கு, அதாவது அந்த 90ஐ நோக்கி ஏறும் எண்ணிக்கை, அடுத்த பாத்திரப் பேனருக்கும் (ஒரு பாத்திரத்தை முன்னிறுத்திச் சில காலம் நடக்கும் இழுப்பு) அப்படியே போகிறது. பேனர் முடிந்ததும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் கேம்கள் இருக்கின்றன, அவற்றோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம். வாய்ப்புச் சதவீதங்களை விவரப் பக்கத்தில் தமிழில் போடவில்லை என்றாலும் போட்டிருக்கிறார்கள். ஆப்பிள் 2017 டிசம்பரிலேயே தன் ஆப் ஸ்டோரில் இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

ரெலிக், அதாவது பாத்திரத்துக்கு அணிவிக்கும் உபகரணம்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் இடம். அது கிடைக்கும் ஒரு குகைச் சண்டைக்கு 40 பவர். ஒரு நாளில் ஊறும் 240 பவர் முழுவதையும் கொட்டினால் 6 சண்டை. ஒவ்வொரு குகையிலும் 2 செட், ஒவ்வொரு செட்டிலும் தலை, கை, உடல், கால் என 4 உறுப்பு. வேண்டிய செட்டில் வேண்டிய உறுப்பு கிடைப்பதே கிட்டத்தட்ட எட்டில் ஒன்று. உடல் உறுப்பு என்றால் அதன் முதன்மைப் பண்பும் சரியாக அமைய வேண்டும். பிறகு துணைப் பண்புகள். 15ஆம் லெவல் வரை ஏற்றும்போது 3 லெவலுக்கு ஒருமுறை அவற்றில் ஏதோ ஒன்று உயரும், எது என்பது நம் கையில் இல்லை. தினமும் ஆடுபவருக்கு இந்தச் சறுக்கல்கள் போகப்போகச் சமன் ஆகிவிடும். வாரம் இரண்டு நாள் ஆடுபவருக்குச் சமன் ஆக மாதக்கணக்காகும். முதன்மைப் பண்பை நாமே தேர்ந்தெடுத்துச் செய்ய ரெசின் என்றே பெயருள்ள வேறொரு பொருள் உண்டு, ஆனால் அது அரிது. இத்தனை சண்டைக்கு ஒன்று உறுதி என்று, பாத்திரத்துக்கு வைத்த பிட்டியை ரெலிக்குக்கும் வைக்க வேண்டும்.

மொத்தத்தில், பவர் விஷயத்தில் நான் ஆடிய மொபைல் கேம்களிலேயே மனிதரின் நேரத்தை அதிகம் மதிப்பது இதுதான். டெய்லிக்கும் ரெலிக்குக்கும் அதே மனசு இன்னும் வரவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு பேனரிலும் பத்துப் பத்தாக இழுத்து ஜேட்டைக் கரைக்காதீர்கள். பிடித்த பாத்திரம் ஒன்றை முடிவு செய்து, 180 இழுப்புக்குச் சேர்த்துக்கொண்டு போங்கள். இருப்பில் உள்ள பவரை முதலில் பாத்திர லெவலுக்கும் டிரேஸுக்கும் (பாத்திரத்தின் திறன் மேம்பாடு) செலவிடுங்கள், அவற்றில் போட்டது அப்படியே கிடைக்கும். குகைப் பக்கம் அப்புறம் போகலாம்.